ஒரே மேகசினில் பலவகைத் தோட்டாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரைப் பெட்டி அந்த வகை, கால் பெட்டி இந்த வகை என்று தோட்டாக்கள் மிச்சமாகும். எல்லாவற்றையும் ஒரே மேகசினில், அதாவது துப்பாக்கிக்குத் தோட்டா ஊட்டும் பெட்டியில், போட்டுச் சுட்டுத் தீர்த்துவிடலாமா என்ற கேள்வி துப்பாக்கி பழகும் எல்லோருக்கும் ஒருநாள் வரும். சிலர் வேண்டுமென்றே கலப்பார்கள், அதற்குக் காரணமும் வைத்திருப்பார்கள். சில காரணங்கள் நல்லவை, பல காரணங்கள் கேட்க நன்றாக இருப்பவை மட்டுமே. உரிமம் பெற்று ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கும், சுடுதளத்தில் பயில்பவர்களுக்கும், விஷயம் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கும் இந்தப் பக்கம்.

காலிபர் (குழலின் விட்ட அளவு) ஒன்றுதான், வகை மட்டும் வேறு. கலந்து போட்டால் துப்பாக்கி வெடித்துவிடுமா?

அந்த ரைஃபிளுக்கு உரிய, நல்ல நிலையில் உள்ள தொழிற்சாலைத் தோட்டாக்கள் என்றால் வெடிக்காது. ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அடியில் ப்ரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைப்பது), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. ரைஃபிள் ஒவ்வொரு தோட்டாவையும் தனியாகத்தான் சுடுகிறது. முன்னால் போனது என்ன வகை என்பது அதற்கு ஒரு பொருட்டே கிடையாது. தனியாகச் சுட்டால் பாதுகாப்பாக இருக்கும் தோட்டா, வேறு வகைக்கு அடுத்து வந்தாலும் பாதுகாப்பாகவே இருக்கும். குழாய் மேகசின் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிரச்சினை சுடுபவரின் பக்கம்தான். கலந்து போட்ட மேகசினில் அடுத்து சேம்பருக்குள் (சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) ஏறப்போவது எது என்று உங்களுக்குத் தெரியாது. குண்டு எங்கே போய் விழும், எவ்வளவு ஊடுருவும், உதைப்பு எப்படி இருக்கும் என்று எதுவும் தெரியாமல் விசையை அழுத்துகிறீர்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

குறி உண்மையிலேயே அவ்வளவு மாறுமா?

மாறும். .30-06 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 150 கிரெயின் குண்டு என்றால் சுமார் 9.7 கிராம், குழலை விட்டு விநாடிக்கு 885 மீட்டர் அளவில் கிளம்பும். 180 கிரெயின் குண்டு சுமார் 11.7 கிராம், விநாடிக்கு 820 மீட்டரைச் சுற்றி. கனமானது கொஞ்சம் கீழே விழும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சுடும்போது குழல் அதிர்கிறது. எடையும் வேகமும் மாறினால் அந்த அதிர்வில் எந்தக் கணத்தில் குண்டு வெளியேறுகிறது என்பதும் மாறும். அதனால் இரண்டு வகைக்கும் இடையே இடம் வலமாகவும் விலகல் வரலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் வேறுபடும். தாளில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே கலவைத் தோட்டாக்களை வைத்துக் குறிநோக்கியைச் சரிசெய்யவே கூடாது. ஐந்து துளைகள் ஐந்து இடத்தில் விழுந்தால் தவறு நோக்கியிலா, உங்கள் கையிலா, தோட்டாவிலா என்று கண்டுபிடிக்க வழியில்லை. போட்டிக்காரர்கள் ஒரே வகை போதாது, ஒரே உற்பத்தித் தொகுதி எண் உள்ள பெட்டிகள்தான் வேண்டும் என்று தேடி வாங்குவதற்கு இதுதான் காரணம்.

இதைவிடப் பெரிய விலகலும் உண்டு. குழலின் உட்புறத் திருகுவரி ஒரு முழுச் சுற்று சுற்ற எவ்வளவு நீளம் எடுக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தக் குண்டு நிலையாகப் பறக்கும் என்பது அமையும். அமெரிக்க ராணுவத்தின் எம்16ஏ1 ரைஃபிளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 55 கிரெயின் எம்193 குண்டுக்கானது. 1980-இல் நேட்டோ நாடுகள் 62 கிரெயின் எஸ்எஸ்109 வகையை ஏற்றுக்கொண்டன. அந்தக் குண்டு நீளமானது, அதனால் எம்16ஏ2-வில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்றினார்கள். பழைய 12 அங்குலக் குழலில் இந்த இரண்டையும் கலந்து சுட்டால், ஒன்று நேராகப் போகும், அடுத்தது காற்றில் புரண்டு தாளில் பக்கவாட்டாக விழும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்கள்தான், மேகசினிலும் ஒன்றுபோலவே உட்காரும்.

ராணுவத்தில் கலந்துதானே போடுகிறார்கள்?

ஆமாம், இயந்திரத் துப்பாக்கிப் பட்டையில் நான்கு சாதாரணத் தோட்டாக்களுக்கு ஒரு டிரேசர் என்பது பரவலான வழக்கம். டிரேசர் குண்டின் பின்பக்கத்தில் எரியும் கலவை ஒன்று இருக்கும். அது ஒளிக்கோடு போட்டுக்கொண்டு பறப்பதால், தொடர்ந்து சுடுபவருக்குத் தன் குண்டுமழை எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்துத் திருத்த முடிகிறது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கலவை எரிய எரியக் குண்டின் எடை குறைவதால், தூரம் கூடும்போது டிரேசரின் பாதை சாதாரணக் குண்டின் பாதையிலிருந்து பிரிந்துவிடும். இயந்திரத் துப்பாக்கிக்கு அது பரவாயில்லை. ஒவ்வொரு குண்டாகக் குறிபார்த்துச் சுடும் ரைஃபிளுக்கு அப்படி விட்டுவிட முடியாது.

கலவையின் பலனுக்கு முதல் உலகப் போரில் ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது. ஜெர்மானிய ஆகாயக் கப்பல்களைச் சாதாரணக் குண்டுகளால் வீழ்த்த முடியவில்லை. வாயுப்பைகளில் சிறு துளைகள் விழுந்ததோடு சரி. உள்ளே இருந்த ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். அதனால் வெடிக்கும் குண்டுகளும் தீமூட்டும் குண்டுகளும் உருவாக்கப்பட்டன. 1916 செப்டம்பர் 2–3 இரவில் லீஃப் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் விமானி, பிராக், பொமரோய் என்ற இரண்டு வகைக் குண்டுகள் கலந்து நிரப்பிய மூன்று உருளை மேகசின்களை எஸ்எல் 11 என்ற ஆகாயக் கப்பல் மீது சுட்டுத் தீர்த்தார். மூன்றாவதில் அது தீப்பற்றி விழுந்தது. அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது.

அந்த மேகசின்களில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. மிச்சம் மீதியை அள்ளிப் போட்ட மேகசினுக்கு இதை உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களை டிரேசராக வைத்தால் மேகசின் தீர்வது தெரியுமாமே?

தெரியும். முதலில் உள்ளே போவதுதான் கடைசியில் வெளியே வரும் என்பதால், நிரப்பும்போது டிரேசரை முதலில் போட்டுவிடுவார்கள். சிப்பாய்களிடையே பழைய பழக்கம் இது. ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் அதே தகவல் எதிரிக்கும் கிடைக்கிறது. பொதுமக்களுக்கு இதில் தேவையே கிடையாது. காய்ந்த புல்லில் டிரேசர் தீ மூட்டும், பெரும்பாலான சுடுதளங்களில் அதற்கு அனுமதியில்லை, பல நாடுகளில் சட்டமும் தடுக்கிறது. மேகசின் தீர்ந்ததை அறிய எண்ணிக்கொண்டே சுடப் பழகுங்கள்.

வேட்டையில் முதல் தோட்டா மென்முனை, அடுத்தவை முழு உலோகம். இது சரியான முறையா?

ஆப்பிரிக்காவில் காட்டெருமை போன்ற ஆபத்தான பெருவிலங்குகளை வேட்டையாடியவர்களின் மரபு இது. நிதானமாகக் குறிவைக்கும் முதல் சூட்டுக்கு, உள்ளே விரியும் மென்முனைக் குண்டு. அடிபட்ட விலங்கு திரும்பிப் பாயும்போதோ விலகி ஓடும்போதோ எலும்பையும் தடித்த தசையையும் துளைத்துப் போக, விரியாத கெட்டிக் குண்டு. வேண்டுமென்றே கலப்பதற்கு எனக்குத் தெரிந்த நியாயமான காரணங்களில் இதுவே முதலாவது. ஏனென்றால் இங்கே வரிசை தெரியும், ஒவ்வொன்றும் எதற்கு என்பதும் தெரியும். அப்படியும் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு வகையும் அந்த ரைஃபிளில் ஒரே இடத்தில் விழுகின்றன என்று சுட்டு உறுதிசெய்திருக்க வேண்டும். இதற்கென்றே ஒரே எடை, ஒரே வேகத்தில் இரு வகையும் ஜோடியாகத் தயாரிக்கிறார்கள்.

மான் வேட்டைக்கு இந்த முறையைக் கொண்டுவருவதில் பொருளில்லை. உலோகத்தால் முழுக்க மூடிய, விரியாத குண்டு சிறிய விலங்கின் உடலைத் துளைத்து அப்பால் போய்விடும். விலங்கு உடனே சாகாமல் துன்பப்படும், பின்னால் இருப்பவர்களுக்கும் ஆபத்து. பல நாடுகளிலும் மாநிலங்களிலும் வேட்டைக்கு விரியும் குண்டு மட்டும்தான் அனுமதி. போரில் விஷயம் நேர் எதிர்: மனித உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்தது. ஈயக் குண்டுக்குத் தடையுள்ள இடங்களும் உண்டு. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே மேகசினில் ஒன்றே ஒன்று கலந்திருந்தாலும் சட்டமீறல்தான்.

.223 ரெமிங்டனும் 5.56-உம் ஒன்றுதானே?

வெளி அளவில் ஏறக்குறைய ஒன்று. சேம்பரில்தான் வித்தியாசம். 5.56 சேம்பரில் குண்டுக்கு முன்னால், திருகுவரி தொடங்கும்வரை உள்ள இடைவெளி அதிகம். .223 சேம்பரில் அது குறைவு. அதில் 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். 5.56 என்று பொறித்த ரைஃபிளில் இரண்டையும் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்திருந்தால் .223 மட்டும்தான். .223 வைல்ட் என்ற சேம்பர் இரண்டுக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டது. குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள், கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள்.

மிக ஆபத்தான கலப்பு எது?

.300 பிளாக்அவுட்டும் 5.56-உம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

.300 பிளாக்அவுட் 2011-இல் அமெரிக்கத் தரப்பட்டியலில் சேர்ந்தது. 5.56 தோட்டாவின் கூட்டை வெட்டிக் குட்டையாக்கி, வாயை 7.8 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்றதாக மாற்றியதுதான் அது. அதே போல்ட் (தோட்டாவை சேம்பருக்குள் தள்ளி மூடும் பாகம்), அதே மேகசின், குழலை மட்டும் மாற்றினால் போதும் என்பதே அதை உருவாக்கியதன் நோக்கம். வசதியான யோசனைதான். அந்த வசதிதான் ஆபத்தும். 5.56 குழல் உள்ள ரைஃபிளில் .300 தோட்டாக்கள் உள்ள மேகசின் சிக்கலின்றி மாட்டும், தோட்டா மேலே ஏறும். கூடு குட்டை என்பதால் குண்டு சேம்பரின் முன்பகுதிக்குள் நுழைந்து, சில குண்டு வடிவங்களில் போல்ட் முழுவதும் மூடியும் விடும். விசையை அழுத்தினால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் போக வேண்டும். போக வழியில்லாத அழுத்தம் ரைஃபிளையே பிளக்கிறது. இப்படிச் சிதைந்த ரைஃபிள்கள் பல. சுட்டவர்களுக்குக் காயமும் பட்டிருக்கிறது.

இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் மேகசினைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி பிரித்துவிடுங்கள். வேறு நிற மேகசின், பெரிய எழுத்தில் பட்டை, எதுவாக இருந்தாலும் சரி. நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: ஒரே நாளில் இரண்டையும் சுடுதளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போனால் ஒரு ரைஃபிளையும் அதன் தோட்டாக்களையும் மூட்டை கட்டிய பிறகே அடுத்ததை மேசைமேல் வையுங்கள். அப்புறம், ‘போல்ட் மூடிவிட்டது, ஆகவே சரியான தோட்டாதான்’ என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

ஷாட்கன் உலகில் இதற்கு இணையான ஆபத்து 12 காஜும் அதைவிடச் சிறிய அளவான 20 காஜும் கலப்பது. 20 காஜ் தோட்டா 12 காஜ் குழலுக்குள் நழுவி முன்னால் போய் மாட்டிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். சுடவில்லையே என்று 12 காஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 காஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது இதனால்தான்.

அடியில் பொறித்த பெயர் ஒன்றாக இருந்தால் நம்பலாமா?

எப்போதும் முடியாது. .45-70 தோட்டா 1873-இலிருந்து இருக்கிறது. அக்கால ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் கரும்பொடி என்ற பழைய வெடிமருந்தின் மென்மையான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. இன்று அதே பெயரில், நவீன லீவர் ரைஃபிள்களுக்கு (கைப்பிடி நெம்புகோலால் தோட்டா ஏற்றுபவை) மட்டுமே ஏற்ற உயரழுத்தத் தோட்டாக்களும் விற்கின்றன. தோட்டாவை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்ற எச்சரிக்கை பெட்டியில்தான் இருக்கும். எம்1 கராண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிளிலும் இப்படி ஒன்று உண்டு. கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் கொண்ட சில நவீன .30-06 தோட்டாக்கள் அதன் இயக்குத் தண்டை வளைத்துவிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தோட்டாக்களை டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

குழாய் மேகசினுக்கு என்ன தனி விதி?

லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதன் குண்டு முனை, முன்னால் உள்ளதன் ப்ரைமரில் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூர்மையாக இருந்தால் உதைப்பின் அதிர்ச்சியில் அது ப்ரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கச் செய்யலாம். அதனால்தான் .30-30 போன்றவற்றுக்குத் தட்டை முனையோ உருண்டை முனையோ வைக்கிறார்கள். வளைந்துகொடுக்கும் மென்மையான பாலிமர் முனை கொண்ட கூர்குண்டுகள் பின்னால் வந்தன, அவை இதற்கென்றே செய்யப்பட்டவை. பத்துத் தட்டை முனைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரே ஒரு கூர்முனை போதும், முன்னால் உள்ளதை வெடிக்க வைக்க.

பிரான்சின் 1886 லெபல் ரைஃபிள் இதே சிக்கலைச் சந்தித்தது. அதுவும் குழாய் மேகசின். 1898-இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது, தோட்டாவின் அடியில் ப்ரைமரைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் வைத்தார்கள். பின்னால் வரும் கூர்முனை அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும், ப்ரைமரைத் தொடாது.

.22-இல் கலக்கலாமா?

‘ஷார்ட், லாங், லாங் ரைஃபிள்’ என்று மூன்றும் பொறித்த லீவர் அல்லது பம்ப் ரைஃபிள்களில் மூன்றையும் கலந்தே போடலாம். வடிவமைப்பே அப்படி. ஷார்ட் நிறையச் சுட்டால் சேம்பரில் கரிவளையம் படியும், பிறகு நீளத் தோட்டா சிக்கும், சுத்தம் செய்துவிட்டால் சரியாகிவிடும். அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோவில் அப்படிக் கிடையாது. ஒலிவேகத்துக்குக் கீழே, அதாவது விநாடிக்குச் சுமார் 340 மீட்டருக்குள் பறக்கும் மெதுவான தோட்டாவுக்குப் போல்டை முழுவதும் தள்ளும் வலு பல ரைஃபிள்களில் போதாது. வேகமானதும் மெதுவானதும் கலந்தால் அடிக்கடி சிக்கும்.

இரும்புக் கூடும் பித்தளைக் கூடும்?

சுடலாம். இரும்பு பித்தளை அளவுக்கு விரிந்து சேம்பரை அடைக்காது என்பதால் கரி கூடுதலாகப் படியும். இரும்புக் கூடு நிறையச் சுட்ட பிறகு பித்தளைக்கு மாறுவதாக இருந்தால் நடுவில் சேம்பரைத் துடைத்துவிடுங்கள். பழைய ராணுவ இருப்புத் தோட்டாக்கள் என்றால் ப்ரைமரைக் கவனியுங்கள். பொட்டாசியம் குளோரேட் உள்ள ப்ரைமர் எரிந்தபின் உப்பை விட்டுச்செல்லும், அது ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். ஒன்றைச் சுட்டிருந்தாலும் அன்றே தண்ணீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் மட்டும் உப்பைக் கரைக்காது.

வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டாக்களைத் தொழிற்சாலைத் தோட்டாக்களோடு சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். சில சமயம் மருந்து குறைவாகவோ இல்லாமலோ ஒரு தோட்டா வந்துவிடும். ப்ரைமரின் வலுவில் குண்டு பாதிக் குழல்வரை போய் நின்றுவிடும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். இதிலிருந்து காப்பாற்றுவது உங்கள் காதும் தோளும்தான்: சத்தம் சப்பென்று இருந்தது, உதைப்பே இல்லை என்று உடனே உணர்ந்து கையை எடுப்பீர்கள். எல்லாம் ஒரே மாதிரித் தோட்டாவாக இருந்தால் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக என்று கலந்து சுட்டுக்கொண்டிருந்தால், ‘இது மெதுவான வகை போல’ என்று நினைத்து அடுத்ததை அழுத்திவிடுவீர்கள். கலக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு எல்லாவற்றையும்விட இதுவே பெரிய காரணம்.

முன்பின் தெரியாதவர் நிரப்பிய தோட்டாவைச் சுடவே வேண்டாம்.

வெற்றுத் தோட்டா, பயிற்சிக்கான போலித் தோட்டா இவற்றை?

போலித் தோட்டா ஒன்றிரண்டை உண்மைத் தோட்டாக்களிடையே நுழைத்துக் கொடுப்பது நல்ல பயிற்சிமுறை. சுடுபவர் விசையை வெடுக்கென்று இழுப்பது அப்போது அப்பட்டமாகத் தெரியும். பார்த்ததுமே அடையாளம் தெரியும் நிறத்தில் உள்ள பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் போலிகளாக அவை இருக்க வேண்டும், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வெற்றுத் தோட்டாவையும் (மருந்து உண்டு, குண்டு கிடையாது) உண்மைத் தோட்டாவையும் ஒரே அறையில்கூட வைக்காதீர்கள். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது, போலித் தோட்டாவிலிருந்து கழன்று குழலில் தங்கியிருந்த குண்டை அடுத்துச் சுட்ட வெற்றுத் தோட்டா தள்ளியதால். 2021 அக்டோபரில் ஒரு படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது, போலிகளுக்கு நடுவே உண்மைத் தோட்டா கலந்திருந்ததால். இரண்டிலும் துப்பாக்கியைப் பிடித்தவர் உள்ளே இருப்பது வேறு என்று நம்பியிருந்தார்.

குண்டு முனையின் நிறத்தை வைத்து வகையைச் சொல்லலாமா?

ஓரளவுக்கு. நேட்டோ வழக்கில் கறுப்பு கவசம் துளைப்பது, ஆரஞ்சு அல்லது சிவப்பு டிரேசர், பச்சை 62 கிரெயின் எம்855. ஆனால் சோவியத் வழக்கில் பச்சைதான் டிரேசர். வேட்டைக் குண்டுகளின் பிளாஸ்டிக் முனை நிறம் தயாரிப்பாளரின் அடையாளம், அவ்வளவுதான். நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

என் மேகசினில் ஏற்கெனவே கலந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

துப்பாக்கியிலிருந்து மேகசினைக் கழற்றி, சேம்பரையும் காலிசெய்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் அடிப்பொறிப்பைப் படித்துப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு குவியலிலும் எல்லாவற்றின் நீளமும் குண்டு வடிவமும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி இருந்தால் அதிலேயே திருப்பி வையுங்கள். பொறிப்பு படிக்க முடியாதவை, பள்ளம் விழுந்தவை, பச்சைக் களிம்பு பிடித்தவை, எதிலிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியாதவை எல்லாம் தனி டப்பாவுக்கு. அவற்றைக் குப்பையில் போடவோ நெருப்பில் எறியவோ கூடாது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். எடுத்துப் போவதற்கு முன் ஒரு தடவை போனில் சொல்லிவிடுங்கள், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.